ஊறல் தண்ணீரின் நிறம்

மலாக்காவின் ஜாசின் பட்டணத்தில் நான் அடிக்கடி போகும் சீன மளிகைக்கடை ஒன்று உண்டு. வாசலில் இரண்டு சாக்குகள் வாய் திறந்து நிற்கும். ஒன்றில் மஞ்சள் சோயா, இன்னொன்றில் கருப்புச் சோயா. கருப்பின் விலை மஞ்சளைவிட ஒரு படி மேல். போன மாதம் அங்கே நின்றபோது, அசஹான் பக்கத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, தவுக்கே கருப்புதான் ஒடம்புக்கு நல்லதுங்கிறாரு. வாங்கிப்போயி ஊறவெச்சா தண்ணியெல்லாம் ஊதாவா எறங்குது. சாயம் ஏத்தி விக்கிறானுங்களோன்னு பயந்து ரெண்டு தடவ கழுவிக் கொட்டிட்டேன். அது சாயமா, சத்தா?”

“ரெண்டும்தான்கா” என்றேன். அவர் முகத்தைப் பார்த்தால் பதில் போதவில்லை என்று தெரிந்தது. கடை வாசலில் சொல்ல முடியாமல் போன மீதிப் பதில்தான் இந்த அத்தியாயம்.

பால்மரத்திலிருந்து தொடங்குவோம்

சோயாவைப் பேச வந்துவிட்டு ரப்பருக்குப் போவானேன் என்று கேட்கலாம். மலாக்காக்காரர்களுக்கு இது சுற்றுவழி ஆகாது. 1896இல் தான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் பால்மரம் நட்டதுதான் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம். பிறகு அசஹான் பக்கமும் அவர் மரம் நட்டார். நம் தாத்தா பாட்டிகளில் பலர் அந்த மரங்களுக்கு அடியில்தான் விடிகாலையில் கத்தியும் மங்கும் தூக்கி நின்றார்கள். ரப்பரோடு பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: ரப்பர் கெட்டுப்போகும். அலமாரியில் மறந்துபோன ரப்பர் வளையத்தை இரண்டு வருஷம் கழித்து எடுத்துப் பாருங்கள். ஒன்று பிசுபிசுத்திருக்கும், இல்லாவிட்டால் தொட்டதும் பொடியும்.

அப்படி ஆக்குவது காற்றில் உள்ள உயிர்வளி. நாம் மூச்சாக இழுக்கும் அதே ஆக்சிஜன். அது எப்படித் தாக்குகிறது என்பதற்குக் கோலாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தில் எல்லோருக்கும் ஒரு ஜோடி. ஒருவருடைய ஜோடி மட்டும் காணாமல் போகிறது. தனியாய் நிற்க முடியாத அவர் பக்கத்தில் ஆடுபவரின் ஜோடியைப் பிடித்து இழுக்கிறார். இப்போது அந்த ஆள் தனி. அவர் அடுத்தவரிடம் பறிக்கிறார். ஒரு நிமிஷத்தில் ஆட்டமே குலைந்துவிடும். மூலக்கூறுகளில் ஜோடியாக இருப்பவை மின்னணுக்கள். ஜோடி இழந்த மூலக்கூறு அடுத்ததிடம் பறிக்கப் போவதால் ரப்பரின் நீண்ட சங்கிலி துண்டு துண்டாக அறுகிறது. எண்ணெய் காறுவதும் இதே கதைதான். நம் உடலின் செல் சவ்வுகளில் இருக்கும் கொழுப்புக்கும் இது நேரும்.

ஆட்டத்தைக் காப்பாற்ற ஒரே வழி, தன் ஜோடியை விட்டுக்கொடுத்துவிட்டு, யாரிடமும் பறிக்காமல் ஓரமாய் அமைதியாக நிற்கத் தெரிந்த ஆள் ஒருவர் நடுவில் வருவது. அந்த ஆளுக்குத்தான் ‘ஆன்டிஆக்சிடன்ட்’ என்று பெயர். தமிழில் உயிர்வளித் தடுப்பான் என்போம். இனி சுருக்கமாகத் ‘தடுப்பான்’.

இந்தச் சொல் பிறந்தது சாப்பாட்டு மேசையில் இல்லை. முதல் உலகப்போரில் பிரெஞ்சுப் படை அக்ரோலின் என்னும் கண்ணெரிச்சல் வாயுவை ஆயுதமாக்கியது. சேமித்து வைத்தால் அது கெட்டுப்போனது. சார்ல்ஸ் மூரோ, சார்ல்ஸ் டியூஃப்ரெஸ் என்ற இரு வேதியியலாளர்கள் ஹைட்ரோகுயினோன் போன்ற ஒரு பொருளைக் கடுகளவு கலந்தாலே கெடாமல் நிற்பதைக் கண்டார்கள். 1922இல் அதைப் பற்றி எழுதியபோது இப்படிப்பட்ட பொருள்களுக்கு ‘உயிர்வளி எதிரி’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள். ரப்பர் டயர் செய்கிறவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். உணவுக்காரர்கள் பிற்பாடுதான் வந்தார்கள்.

இன்னொரு செய்தி. பால்மரம் தன் பாலுக்குள் தானே தடுப்பான் வைத்திருக்கிறது. வைட்டமின் ஈ குடும்பத்தைச் சேர்ந்த டோகோட்ரையினால்கள் 1960களில் பால்மரப் பாலில் கண்டறியப்பட்டன. பிற்பாடு பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டோமே, அந்தச் செம்பனை எண்ணெயிலும் அதே டோகோட்ரையினால்கள் நிறைய. மரம் மாறியது, முதலாளி மாறினார், இந்தப் பொருள் மட்டும் தோட்டத்தை விட்டுப் போகவில்லை.

மஞ்சளாக்கியது யார்?

இப்போது சோயாவுக்கு வருவோம். கருப்புக்கு ஏன் நிறம் வந்தது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். கிழக்காசியாவில் இன்றும் புதர்களில் படரும் காட்டுச் சோயாவின் விதை சிறுசு, கருப்பு. அதுதான் மூலம். மஞ்சளுக்கு ஏன் நிறம் போனது என்பதே சரியான கேள்வி.

விடை ஒரு பூந்தொட்டியிலிருந்து வந்தது. 1990இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஜோர்கன்சனும் அவர் குழுவினரும் பெட்டூனியாப் பூவின் ஊதாவை இன்னும் அடர்த்தியாக்க ஆசைப்பட்டார்கள். நிறமியைச் சமைக்கும் வரிசையில் முதல் அடுப்பு மாதிரி ஒரு நொதி உண்டு. சால்கோன் தயாரிக்கும் நொதி. அதற்கான மரபணுவைக் கூடுதலாக ஒன்று செடிக்குள் வைத்தார்கள். அடுப்பு இரண்டானால் சாயமும் இரண்டு மடங்குதானே? செடியில் பூத்தவற்றில் பல வெள்ளை வெளேரென்று பூத்தன. இரண்டு அடுப்பும் அணைந்துவிட்டன.

ஏன் என்பது பின்னால் விளங்கியது. மரபணு பேசுவது ஒற்றை இழைச் செய்தி மூலம். அந்தச் செய்தி எப்படியோ இரட்டை இழையாகப் பின்னிக்கொண்டால், செல் அதை வைரஸ் என்று சந்தேகப்படும். துண்டு துண்டாக நறுக்கும். நறுக்கிய துண்டுகளை அடையாளமாக வைத்துக்கொண்டு, அதே எழுத்துள்ள நல்ல செய்திகளையும் தேடித் தேடி நறுக்கும். இதை மரபணு மௌனம் என்கிறார்கள். புழுக்களில் இதை 1998இல் விளக்கிய ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவருக்கும் 2006இல் நோபல் பரிசு கிடைத்தது.

மஞ்சள் சோயாவில் நடப்பது அச்சு அசல் இதுதான். அதே சால்கோன் மரபணுவின் படிகள் கண்ணாடியில் பார்த்ததுபோல் எதிரும் புதிருமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதிலிருந்து வரும் செய்தி மடிந்து இரட்டை இழையாகிறது. விதைத்தோலில் நிறமியின் அடுப்பு அணைகிறது. இப்படி ஒரு செடி தற்செயலாக முளைத்திருக்க வேண்டும். அதன் வெளிர் விதையை யாரோ ஓர் உழவர் தனியாக எடுத்துவைத்தார். அவர் வழி வந்தவர்களும் அதையே விதைத்தார்கள். ஆய்வகம் 1990இல் தடுக்கி விழுந்த இடத்தில் அந்த உழவர் பல நூற்றாண்டுக்கு முன்பே நடமாடியிருக்கிறார், பெயர் தெரியாமல்.

நீங்களே பார்க்கக் கூடிய சாட்சிகள் உண்டு. மஞ்சள் சோயாவை உள்ளங்கையில் போட்டுப் புரட்டுங்கள். காயோடு ஒட்டியிருந்த தழும்பு, விதையின் ‘கண்’, சில ரகங்களில் கருப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். மௌனம் எட்டாத ஓரம் அது. விதை மஞ்சளாக இருக்கும் செடியே ஊதாப் பூ பூப்பதும் சாதாரணம். அடுப்பு அணைந்தது விதைத்தோலில் மட்டும். இதைவிட அழகான சாட்சி நோயில் கிடைக்கிறது. சோயாவைத் தாக்கும் ஒருவகைத் தேமல் வைரஸ், செல்லின் இந்த நறுக்கும் கத்தியை முடக்கும் ஆயுதத்தோடு வருகிறது. கத்தி முடங்கிய இடத்தில் மௌனம் கலைகிறது. மஞ்சள் விதையில் கருப்புக் கறை படர்கிறது. நோயாளிச் செடிக்கு மூதாதையின் நிறம் திட்டுத் திட்டாகத் திரும்பி வருகிறது.

மூன்று கிண்ணம்

அக்காவின் சந்தேகத்தை வீட்டிலேயே தீர்க்கலாம். ஒரு சிறு கைப்பிடி, அதாவது 25 கிராம் கருப்புச் சோயாவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். ஊதாத் தண்ணீரை மூன்று வெள்ளைக் கிண்ணங்களில் ஊற்றுங்கள். முதல் கிண்ணத்தை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் அரை எலுமிச்சை பிழியுங்கள்; சிவக்கும். மூன்றாவதில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். நீலமும் பச்சையும் கலந்த ஒரு மங்கல் நிறம் வரும். பலகாரத்தில் போடும் செயற்கைச் சாயங்களில் பெரும்பாலானவை இப்படி நிறம் மாறாது. மாறினால் அது செடியின் சாயம்.

மலாக்காவில் இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நியோன்யா வீட்டுப் புலுட் தாய்தாய் பலகாரத்தின் நீலம் சங்குப்பூவிலிருந்து வருவது. சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சை விட்டால் ஊதாவாவதைப் பார்த்திருப்பீர்கள். சோயாத் தோலும் சங்குப்பூவும் ஒரே குடும்பச் சாயம்தான்: அந்தோசயனின். அந்தக் கிரேக்கப் பெயருக்குப் பொருளே பூவும் நீலமும். ஆகவே ‘பூநீலம்’ என்று தமிழில் வைத்துக்கொள்கிறேன். கருப்புச் சோயாவில் முதன்மையான பூநீலம் எதுவோ அதுவேதான் பூபோர் புலுட் ஹித்தாமில் போடும் கருப்பு அரிசியிலும், தமிழ்நாட்டுக் கருப்புக் கவுனியிலும் முதன்மை. பூநீலத்தோடு வாயைத் துவர்க்க வைக்கும் துவர்ப்பிகளும் அந்தத் தோலில் உண்டு. இரண்டும் தடுப்பான்கள், ஜோடியை விட்டுக்கொடுத்துவிட்டு அமைதியாக நிற்பவை.

(சோயா என்றதும் கிச்சாப் நினைவுக்கு வரும். அதன் கருப்பு தோலின் கருப்பு என்று நினைத்துவிடாதீர்கள். புளிக்கும்போது புரதமும் சர்க்கரையும் சேர்ந்து கருகுவதாலும், இனிப்புக் கிச்சாப்பில் சேர்க்கும் கருஞ்சர்க்கரைப் பாகாலும் வருவது அது.)

ஆய்வகமும் செய்வது ஏறக்குறைய இதே கிண்ண விளையாட்டுதான். ஜோடி இழந்த மூலக்கூறுகளால் ஆன ஊதா நிறக் கரைசல் ஒன்று உண்டு. தடுப்பான் ஜோடி கொடுத்ததும் ஊதா வெளுத்து மஞ்சளாகும். கருப்புச் சோயாத் தோலின் சாறு சட்டென்று வெளுக்க வைக்கும். மஞ்சள் சோயாவின் தோல் அவ்வளவு செய்யாது. எவ்வளவு வெளுத்தது என்று அளந்து ஓர் எண் போடுவார்கள். அந்த எண்தான் பாக்கெட்டில் விளம்பரமாக ஏறுகிறது. அமெரிக்க வேளாண் துறை இப்படி ஒரு பெரிய எண் பட்டியலையே இணையத்தில் வைத்திருந்தது. 2012இல் அதை எடுத்துவிட்டது. கண்ணாடிக் குழாயில் கிடைத்த எண் உடம்புக்குள் என்ன நடக்கும் என்பதைச் சொல்லவில்லை, வியாபாரிகள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

எட்டுக் கிராம் தோல்

உடம்புக்குள் என்ன நடக்கிறது? அதே கைப்பிடியை வைத்துக் கணக்குப் போடுவோம்.

சோயா விதையின் எடையில் ஏறத்தாழ 90 சதவீதம் பருப்பு, 2 சதவீதம் முளைக்குருத்து, 8 சதவீதம் தோல். 100 கிராம் சோயாவில் 8 கிராம்தான் தோல் என்றால், நம் 25 கிராமில் 2 கிராம். நிறம் முழுக்க அந்த 2 கிராமுக்குள். ஒரு கிராம் தோலில் பூநீலம் எவ்வளவு என்பது ரகத்துக்கு ரகம் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். 2 மில்லிகிராமுக்குக் குறைவாகவும் பார்த்திருக்கிறார்கள், 20ஐ ஒட்டியும் பார்த்திருக்கிறார்கள். நடுவே 10 என்று வைப்போம். கைப்பிடிக்கு 20 மில்லிகிராம். அதில் ஒரு பங்கு ஊறல் தண்ணீரோடு தொட்டியில் போகும். அக்கா இரண்டு தடவை கொட்டினார். அடுப்புச் சூட்டில் இன்னொரு பங்கு சிதையும். பாதி மிஞ்சியது என்று தாராளமாகக் கொள்வோம்: 10 மில்லிகிராம் தட்டுக்கு வருகிறது.

தட்டிலிருந்து இரத்தத்துக்குப் போகும் வழிதான் கடினம். பூநீலம் பூநீலமாகவே இரத்தத்தில் சேர்வது நூற்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். இரத்தத்தில் ஏற்கெனவே தடுப்பான்கள் மண்டிக் கிடக்கின்றன. மூட்டுவலிக்காரர்கள் திட்டும் யூரிக் அமிலமே ஒரு நல்ல தடுப்பான். அதன் அளவோடு வைத்துப் பார்த்தால், கருப்புச் சோயா சாப்பிட்டபின் இரத்தத்தில் தெரியும் பூநீலம் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதே அரிது. ஆயிரம் பேர் காவல் நிற்கும் கோட்டைக்கு ஓர் ஆளைக் கூடுதலாக அனுப்பிவிட்டு, கோட்டையைக் காத்தது அவர்தான் என்று கல்வெட்டு வைக்க முடியுமா?

ஆகவே ‘உடம்பில் ஓடும் நச்சு மூலக்கூறுகளைத் துரத்தித் துரத்திப் பிடிக்கும்’ என்று சொல்லும் விளம்பரத்தை நான் நம்புவதில்லை. அதற்காகக் கருப்புச் சோயா வெறும் வேஷம் என்றும் சொல்ல மாட்டேன். மிச்சமுள்ள பெரும்பங்கு பூநீலம் பெருங்குடலுக்கு இறங்குகிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதை உடைத்துச் சின்னச் சின்ன அமிலங்களாக்குகின்றன. அவை பூநீலத்தைவிட எளிதாக இரத்தத்தில் ஏறும், அதிக நேரம் தங்கும். செல்லுக்குள் போய் அவை தாமாகச் சண்டை போடுவதைவிட, உடம்பின் சொந்தத் தடுப்பான்களைக் கூடுதலாகச் சமைக்கச் சொல்லிக் கதவைத் தட்டுகின்றன என்பதுதான் இன்றைய ஆய்வுகள் போகும் திசை. ஜப்பானில் கோபே பல்கலைக்கழகத்தினர் கொழுப்புத் தீனி தின்ற எலிகளுக்குக் கருப்புச் சோயாத் தோலின் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2011இல் வெளியிட்ட முடிவில் எலிகளின் எடையும் சர்க்கரைக் கோளாறும் குறைந்தன. மனிதர்களிடம் நடந்த சோதனைகள் சிறியவை. பல, சில வாரங்களே நீடித்தவை. நம் ஆட்களுக்கு இது வெறும் ஏட்டுச் செய்தி அல்ல. மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31 சதவீதத்தைத் தாண்டியது. எலி தேறியதைக் கேட்டதும் மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாக்குக் கணக்கில் கருப்புச் சோயா வாங்கத் தோன்றும். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

சத்தைப் பிரித்து மாத்திரையாக விழுங்குவதில் வேறொரு பயமும் உண்டு. ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பாளர்களுக்குக் காரட்டின் தடுப்பானான பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஈயையும் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் தின்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது.

பச்சை, பழுப்பு, தெம்பே

மற்ற நிறங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். சீனக் கடையில் சில கருப்புச் சோயாவைப் பிளந்தால் உள்ளே பச்சையாக இருக்கும். இலையின் பச்சையம் முற்றிய பின்னும் போகாமல் தங்கிய ரகம் அது. கண்ணுக்கு வேண்டிய லூட்டீன் அதில் கூடுதல். உப்புப் போட்டு அவித்துத் தரும் எடமாமே இதில் சேராது. முற்றாமல் பறித்த சாதாரணச் சோயா அது. பழுப்புச் சோயாவில் நிறமி சமைப்பது கடைசிப் படிக்கு முன்னே நின்றுவிடுகிறது. துவர்ப்பி உண்டு, பூநீலம் இல்லாததற்குச் சமம்.

மஞ்சளை இளக்காரமாய்ப் பார்க்க வேண்டாம். சோயாவில் நிறைந்த ஐசோஃபிளேவோன் என்ற சத்துகள் பெரும்பாலும் தோலில் இல்லை, பருப்பிலும் முளைக்குருத்திலும் இருக்கின்றன. தோல் கருப்போ மஞ்சளோ, அவற்றுக்குக் கவலையில்லை. பயிரில் அவை சர்க்கரையோடு கட்டுண்டு கிடக்கும்; அப்படியே குடலில் ஏறா. ஜாவாக்காரர்கள் செய்யும் தெம்பேயில் பூஞ்சை அந்தக் கட்டை முன்கூட்டியே அவிழ்த்துவிடுகிறது. தெம்பே செய்யும்போது தோலைத் தேய்த்துக் களைவதுதான் வழக்கம். கருப்புச் சோயாவில் தெம்பே செய்தால் நிறம் களைந்த தோலோடு போய்விடும், பருப்பின் சத்து நிற்கும்.

இரும்பும் செம்பும்

ரப்பர் ஆலைகளில் ஒரு பழைய விதி உண்டு: செம்பு, பித்தளை எதுவும் பாலில் படக்கூடாது. துளி செம்பு பட்டாலும் ரப்பர் விரைவில் கெடும். உயிர்வளியின் வேலையைச் செம்பு முடுக்கிவிடும். இரும்பும் அப்படித்தான். துவர்ப்பிகள் இத்தகைய உலோகங்களைப் பிடித்துக் கட்டிப்போடும். விதைக்கு அது நல்ல காவல். நமக்கோ, தட்டில் இருக்கும் இரும்புச்சத்தையும் அதே கை கட்டிப்போடுகிறது. சோகை உள்ளவர் கருப்புச் சோயாவைச் சோற்றோடு தின்றால் இரும்பில் ஒரு பங்கு உடம்பில் ஏறாமல் வெளியேறும். எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ கூடச் சேர்ந்தால் ஓரளவு சரியாகும். இன்னொன்று: கருப்புச் சோயாவைப் பச்சையாகக் காடியில் ஊறப்போட்டுத் தினம் தின்னும் வைத்தியம் ஒன்று உலாவுகிறது. பச்சைச் சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. நன்றாக வெந்தால்தான் அது அடங்கும்.

இதையெல்லாம் எழுதி முடித்தபின் அந்த அக்காவை மறுபடி அதே கடையில் பார்த்தேன். மூன்று கிண்ணக் கதையைச் சொன்னேன். வீட்டுக்குப் போய்ச் செய்து பார்த்தாராம். எலுமிச்சைக் கிண்ணம் ‘நல்லா குங்குமம் மாதிரி’ வந்ததாம்.

“அப்ப ஊறவெச்ச தண்ணியக் கொட்டக் கூடாது, அப்படித்தானே?”

“அந்தத் தண்ணியிலேயே வேகவெச்சா நெறம் நிக்கும்கா. ஆனா சோயாவுல செரிக்காத ஒரு சர்க்கரை இருக்கு. அதுல கொஞ்சம் அந்த ஊறல் தண்ணியிலதான் எறங்கும். கொட்டினா நெறம் போகும். கொட்டாட்டி வயித்துல வாயு கூடும்.”

அவர் இரண்டு சாக்குகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழம கோயில்ல தேவாரம் பாடணும் தம்பி. நெறம் போனாப் போகட்டும்” என்று மஞ்சளில் அரைக் கிலோ அள்ளிப் போடச் சொன்னார்.